படிக்காமல் திருப்பிய பக்கம்

ஜனவரி 20, திங்கள்

டைரியின் முதல் பக்கத்திலேயே மானம் போகிற விஷயத்தை எழுத வேண்டியிருக்கிறது. காலையில் பாத்ரூமுக்குள் நின்று கங்காணி வேஷம் போட்டேன். சோப்பு நுரையில் மீசை. கையில் சொம்பு, அதுதான் சாட்டை. "எவடி அவ, நடவு நட வந்தியா நாட்டியம் ஆட வந்தியா" என்று அடித்தொண்டையில் ஒரு அதட்டல் வேறு. கதவைத் திறந்தால் வாளியோடு ஐந்து பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். எங்கள் பின்பக்க ரூம்களில் வாடகைக்கு இருக்கிற கம்பெனிப் பெண்கள். அதில் பேச்சி திருநெல்வேலிப் பக்கம், வாய் கொஞ்சம் நீளம். "எக்கா, கங்காணி வெளிய வந்தாருன்னா நாங்க குளிப்போம்லா. ஷிப்ட் பஸ்ஸு ஆறே காலுக்கு" என்றாள். நான் மீசையைத் துடைக்காமலே வெளியே வந்திருந்தேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் நேற்று வந்த ஒரு போன். ஜீவாண்ணா பேசினார். பதினொரு வருஷம் கழித்து. மே தினத்துக்கு இருங்காட்டுக்கோட்டையில் பெரிய நாடகம் போடுகிறாராம், இந்த ஊர்க் கதையாம். "நீ இல்லாம எப்படி கோவிந்து? உன் பேர்தான் லிஸ்டுல மொதல்ல" என்றார்.

ஐம்பது வயதில் கோவிந்தம்மா மறுபடி மேடை ஏறப்போகிறாள். நான் சமைக்கிற கம்பெனி கேன்டீனில் இன்று சாம்பார் கரண்டியைப் பிடித்த பிடியே வேறு.

ஜனவரி 26, ஞாயிறு

ஜீவாண்ணா வந்தார். காரின் முன்னால் அரசாங்க போர்டு. எங்கள் பென்னலூர் சந்தில் அந்தக் கார் திரும்ப முடியாமல், வந்த வழியே பின்னாலேயே போய் ரோட்டில் நின்றது. ஆபீசர் நடந்து வந்தார்.

இந்த மனுஷனை எனக்கு எப்போதிலிருந்து தெரியும்? தொண்ணூற்று மூன்று. எனக்குப் பதினெட்டு வயது. ஊரில் எழுத்தறிவு வகுப்பு நடந்தது. அவர்தான் வாத்தியார், சம்பளமில்லாத வாத்தியார். வகுப்பு முடிந்தால் தெரு நாடகம். அவர் பண்ணையார், நான் கங்காணி. துண்டைக் கிழித்து மீசை ஒட்டுவோம். முருங்கை மரத்தடியில் வட்டமாகக் கூட்டம் நிற்கும், நடுவில் நாங்கள். நாடகம் முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒருவரை வட்டத்துக்குள் கூப்பிட்டுப் பேச வைப்பார். அந்தப் பழக்கத்தை அவர் இன்றுவரை விடவில்லையாம். அதற்குப் பிறகு மெட்ராஸ் போய் நாடகம் படித்தார். நடிகராகப் பேர் வாங்கினார். அடுத்து டைரக்டர். வெளிநாட்டுக்கெல்லாம் போய் நாடகம் போட்டார். பரிசு வாங்கினார். இப்போது பண்பாட்டு அதிகாரி. எந்த ஊரில் எந்தக் கலைஞர் மேடை ஏறலாம் என்று அவர் கையெழுத்துதான் சொல்லும்.

"உடம்பு நல்லாத் தேறிக்கீதே, பண்ணையார் வேஷத்துக்கு இனிமே தலகாணி கட்ட வேணாம்" என்றேன். சிரித்தார். சிரித்து முடித்ததும் ஒன்று சொன்னார்: "நடிச்சி பதினஞ்சு வருஷம் ஆச்சு கோவிந்து. இப்பல்லாம் ஃபைல் மேலதான் நடிக்கிறேன்."

அந்த ஒரு பேச்சில் எனக்கு மனசு இளகிவிட்டது. எழுதி வைக்கிறேன், பிறகு ஞாபகம் வேண்டும்.

என் வீட்டுக்காரர் தசரதன் அவருக்கு சோடா வாங்கி வந்து கொடுத்தார். இவருக்கு அவர் மேல் மரியாதை. "என் பொஞ்சாதிக்கு எழுத்து சொல்லிக் குடுத்த சாமி" என்பார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வாலாஜாபாத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒத்திகை. சூப்பர்வைசரிடம் வீட்டில் விசேஷம் என்று பொய் சொல்லி ஷிப்ட் மாற்றிக்கொண்டு போனேன். மெட்ராஸ் பிள்ளைகள் பத்துப் பேர், கம்பெனிப் பிள்ளைகள் எட்டுப் பேர், நான். எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னார். நான் தினமும் பெங்களூர் ஹைவேயை அப்படித்தான் தாண்டுகிறேன், எனக்கு இது பழக்கம் என்றேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் ஒரு மூலையில் உறங்க, அவர் போனில் ரெக்கார்டைப் போட்டு நடுவில் வைத்துக்கொண்டு என்னைப் பேசச் சொன்னார். "யாராண்டயும் சொல்லாத ஒண்ணு இருக்கும் இல்ல, அது சொல்லு."

சொன்னேன். ஏன் சொன்னேன்?

தொண்ணூற்று ஆறில் எங்கள் நிலத்தை வாங்க தரகர் ஒருவர் பத்திரம் கொண்டு வந்தார். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். வீட்டில் யாருக்கும் எழுத்து தெரியாது. மாமனார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "நீ படிச்சவ, படிம்மா" என்றார். எழுத்தறிவு வகுப்பு சர்டிபிகேட்டை கண்ணாடி போட்டு மாட்டியிருந்த வீடு அது. அந்தச் சர்டிபிகேட்டைக் கேட்டுத்தான் என்னைப் பெண் எடுத்தார்கள்.

முதல் பக்கம் எப்படியோ தட்டுத் தடுமாறி ஓட்டிவிட்டேன். இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே வாக்கியம். புள்ளியே இல்லை. சர்வே நம்பர், பாத்தியம், மேற்படி, மேற்படி. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "மேல சொன்னதையே திரும்ப எழுதிக்கீறாங்க மாமா" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

அந்தப் பக்கத்தில்தான் கிணற்றையும் வண்டிப் பாதையையும் சேர்த்து விற்கிறதாக எழுதியிருந்தது. நிலம்தான் போகிறது, கிணறு நம்மிடம் இருக்கும் என்று மாமனார் நினைத்துக் கைநாட்டு வைத்தார். அடுத்த மாசம் கிணற்றைச் சுற்றி வேலி. தரகர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்லிக்கொண்டே அவர் செத்தார். என் வீட்டுக்காரர் இருபத்தொன்பது வருஷமாக அந்தத் தரகரைத் திட்டுகிறார். தரகர் செத்தபோது இவர் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. அந்தக் கிணறு இப்போது கண்டெய்னர் நிறுத்துகிற யார்டுக்குள் இருக்கிறது, மேலே இரும்பு மூடி. அந்த யார்டுக்கு வாட்ச்மேன் என் வீட்டுக்காரர்தான். எங்கள் கிணற்றுக்கு எங்களையே காவல் போட்டிருக்கிறார்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஜீவாண்ணா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது நமக்குள்ள" என்றார்.

பிப்ரவரி 3, திங்கள்

சொல்லிவிட்டதில் உடம்பு லேசாக இருக்கிறது. நாலு தோசை சாப்பிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நாடகத்தின் பெயர் நாலு வழிச் சாலை. நான் வரும்போதே பிள்ளைகள் "கங்காணி வந்துட்டாங்க" என்று எழுந்து நிற்கிறார்கள். எனக்கு இன்னும் வசனம் தரவில்லை. கேட்டால், உன் பாத்திரம் வளர்ந்துகொண்டே இருக்கிறது என்கிறார். மாவு பொங்குகிற மாதிரி பொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பேச்சிக்கும் தசரதனுக்கும் முன்வரிசை பாஸ் வாங்கிக் கொடுத்தேன். இவர் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு யார்டில் லாரிக்காரர்களிடம் எல்லாம் காட்டுகிறாராம்.

மார்ச் 9, ஞாயிறு

அமலா என்று ஒரு நடிகை மெட்ராஸிலிருந்து வந்திருக்கிறாள். முப்பது வயதிருக்கும். நல்ல பெண், கை கூப்பி வணக்கம் சொன்னாள். என் வேஷத்தை அவள் செய்கிறாளாம். "நீங்க எப்படி நடக்கறீங்க, சேலைய எப்படிச் சொருகறீங்க, நான் பார்த்துக்கறேங்க்கா" என்றாள். மூன்று மணி நேரம் என் பின்னாலேயே நடந்தாள். பாத்ரூம் போனபோது மட்டும் வெளியே நின்றாள்.

எனக்கு என்ன வேலை என்று ஜீவாண்ணாவைக் கேட்டேன். "நீதான் ஆலோசகர்" என்றார். ஆலோசகர் என்றால் வசனம் இல்லாத வேஷம் போலிருக்கிறது. அவளுக்கு என் கங்காணி நடையைக் கற்றுக்கொடுத்தேன். நன்றாகவே வருகிறது அவளுக்கு.

மார்ச் 10, திங்கள்

கேன்டீனில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன், முட்டி வலி, நான்தான் வேண்டாம் என்றேன் என்று.

மார்ச் 23, ஞாயிறு

எழுத வரல.

இன்னிக்கி முழு நாடகத்தையும் ஓட்டிப் பார்த்தாங்க. கடைசிக்கு முந்தின காட்சி. அமலா உக்காந்துகினு கீறா. எதிர்ல ஒரு பெரியவர். ஒரு பத்திரம். "நீ படிச்சவ, படிம்மா" அப்படீன்றார். அவ படிக்கிறா. ரெண்டாவது பக்கம் வருது. திருப்பிடறா. "மேல சொன்னதையே திரும்ப எழுதிக்கீறாங்க மாமா."

என் வார்த்த. அப்படியே. மாமான்றதக்கூட மாத்தல.

அப்புறம் வேலி வருது. பெரியவர் தோண்டியோட வேலியப் புடிச்சிக்கினு நிக்கிறார். மெட்ராஸ் பிள்ளைங்க அழுதுச்சி. நானும் அழுதேன், அவங்க என்னப் பார்த்து ஆலோசகரம்மாவே அழுவுறாங்கன்னு பூரிச்சிப் போறாங்க.

இதுல ஜீவாண்ணாவ யாரா காட்டிக்கீறாங்க தெரியுமா? வாத்தியாரு. வெள்ளச் சட்ட, லாந்தர் வெளிச்சம். ஊருக்கே கண்ணத் தொறந்து வெச்ச தெய்வம். அந்தத் தெய்வம் சொல்லிக் குடுத்தும் படிக்காத முட்டாள் நானு.

ஆனா அது அப்படியா நடந்துச்சி?

(மாலை. தண்ணீர் குடித்துவிட்டு ஒழுங்காக எழுதுகிறேன்.) தொண்ணூற்று மூன்றில் மெட்ராஸிலிருந்து ஒரு அதிகாரி வகுப்பைப் பார்க்க வந்தார். நாலு மாசம் படித்தும் எனக்கு எழுத்துகள் தனித்தனியாகத்தான் தெரியும், கூட்டிப் படிக்க வராது. ஆனால் குரல் நல்ல குரல். அதனால் ஜீவாண்ணா என்னைத் தேர்ந்தெடுத்தார். புத்தகத்தில் ஒரு பக்கம். எட்டு நாள் உட்கார வைத்து மனப்பாடம் செய்ய வைத்தார். "விரல வரி மேல ஓட்டிக்கினே சொல்லு. யாருக்கும் தெரியாது" என்றார். ஓட்டினேன். அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். எனக்கு சர்டிபிகேட். அவருக்கு மெட்ராஸில் நாடகம் படிக்க இடம். அந்த அதிகாரிதான் வாங்கிக் கொடுத்தார்.

என் விரலைப் பிடித்துக்கொண்டுதான் அவர் முதல் படி ஏறினார். அந்தக் காட்சி நாடகத்தில் இல்லை.

உண்மையாகப் படிக்க நானாகத்தான் கற்றேன். பிறகு, பஸ் போர்டில், கம்பெனி போர்டில், கேன்டீன் மெனுவில். அதையும் யாருக்கும் சொன்னதில்லை. ஏற்கெனவே தெரிந்ததைக் கற்றுக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது?

மார்ச் 24, திங்கள்

போன் செய்தேன். நான் ஏதாவது சிரிப்பாகச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன், இன்று வரவில்லை. நமக்குள்ள என்று சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"பேரு மாத்திட்டேனே கோவிந்து. அது நீ இல்ல. அது இந்த மண்ணுல நெலம் போன எல்லாரும்."

எல்லோரும் என்றால் அதில் நீங்கள் எங்கே என்று கேட்டேன். விரல் ஓட்டச் சொன்னது எங்கே?

அதையும் சேர்த்தால் காட்சி நீளமாகிவிடும் என்றார். மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டதாம்.

முன்வரிசையில் தசரதன் உட்காரப் போகிறார். அந்தப் பாஸை நானே கொடுத்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சொல்லிவிட்டேன். நாடகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட என் வாயால் போகட்டும்.

இவர் டார்ச் லைட்டுக்குப் பேட்டரிக் கட்டை மாற்றிக்கொண்டிருந்தார். முழுவதும் சொன்னேன், மனப்பாடத்திலிருந்து கிணறு, நாடகம் வரை. தரகர் மேல் தப்பில்லை என்றும் சொன்னேன். கட்டையைப் போட்டு மூடினார். எரிகிறதா என்று சுவரில் அடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இத எப்ப சொன்ன அவனாண்ட?"

பிப்ரவரியில் என்றேன்.

"கெணறு போனது போவுது. முப்பது வருசமா உன் பக்கத்துல படுத்துக்கினு கீறேன். என்னாண்ட சொல்லல. கார்ல வந்தவனாண்ட சொல்லிக்கீற."

தொப்பியை எடுத்துக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். இன்று அவருக்கு லீவு நாள்.

ஜீவாண்ணா எனக்குச் செய்ததை நான் இவருக்குச் செய்திருக்கிறேன், கேட்காமல் இவர் வீட்டுக் கதையை வெளியே கொடுத்துவிட்டேன். இது ஏன் எனக்கு முன்னாலேயே தோன்றவில்லை?

ஏப்ரல் 13, ஞாயிறு

பேசவில்லை. சாப்பிடுகிறார். தட்டை அவரே கழுவுகிறார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கரண்டு ஆபீஸிலிருந்து ஒரு காகிதம் வந்தது. என் கையைத் தாண்டிக் கொண்டுபோய்ப் பேச்சியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள், நான் கீரை ஆய்ந்தேன். அவள் சத்தமாகப் படித்தாள். ஒரு இடத்தில் தப்பாகப் படித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

யார்டு கேட்டுக்கு எதிரே தரகர் மகன் டீக்கடை வைத்திருக்கிறான். இத்தனை வருஷம் இவர் அங்கே தண்ணீர் கூடக் குடித்ததில்லை. இப்போது தினமும் அங்கேதான் டீயாம். பேச்சி சொன்னாள்.

மே 1, வியாழன்

போகக் கூடாது என்றிருந்தேன். காலையில் பார்த்தால் இவர் வெள்ளை வேட்டி கட்டி, பாஸைப் பையில் வைத்து, வாசலில் நிற்கிறார். என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் போகவும் இல்லை. செருப்பை மாட்டினேன்.

மைதானம் நிறைய கம்பெனி ஆட்கள். மேடையில் பெரிய பெரிய அதிகாரிகள். அமலா நன்றாக நடித்தாள், பொய் சொல்லக் கூடாது. பக்கத்தைத் திருப்புகிற இடத்தில் கூட்டமே முன்னால் சாய்ந்தது. இவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் ஜீவாண்ணா மைக்கைப் பிடித்தார். பழைய பழக்கம், ஒருவரை வட்டத்துக்குள் கூப்பிட வேண்டும். "என் முதல் மாணவி, கோவிந்தம்மா" என்றார். கூட்டம் கைதட்டியது. கையில் ஒரு காகிதம் கொடுத்தார். நன்றியுரை. படித்தால் போதும் என்று காதில் சொன்னார்.

அதே மாதிரி ஒரு பக்கம். அதே மாதிரி அதிகாரிகள்.

படித்தேன். எனக்கே தெரியாமல் விரல் வரி மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாம் வரியில் 'எமக்கு எழுத்தறிவித்த கலைஞர்' என்று வந்தது. அங்கே விரல் நின்றுவிட்டது.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இப்ப எனக்குப் படிக்கத் தெரியும். தொண்ணுத்தி மூணுல இவரு இதே மாதிரி ஒரு பக்கம் குடுத்தாரு. அப்ப எனக்குத் தெரியாது. மனப்பாடம் பண்ண வெச்சிட்டு, விரல மட்டும் ஓட்டுன்னாரு. ஓட்டினேன். அந்த விரலுதான் மூணு வருஷம் கழிச்சி பத்திரத்து மேலயும் ஓடுச்சி."

மைதானமே எழுந்து கைதட்டியது. விசில். அமலா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுகிறாள். மேடையில் இருந்த பெரிய அதிகாரி தலையை ஆட்டி ஆட்டிப் பக்கத்தில் இருந்தவரிடம் என்னவோ சொல்கிறார். நாடகம் என்று நினைத்துவிட்டார்கள். எல்லோரும்.

ஜீவாண்ணா என் தோளில் கை போட்டு, மைக்கில், "இதுதான் மக்கள் நாடகம்" என்றார். குரல் கணீர் என்று இருந்தது. தோளில் இருந்த கை மட்டும் என் சேலையைக் கசக்கிப் பிடித்திருந்தது. பதினைந்து வருஷம் கழித்து நடித்தார், நன்றாகத்தான் நடித்தார்.

முன்வரிசையில் ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "தொண்ட அப்படியே கீது" என்றார். இருபத்தைந்து நாளில் முதல் பேச்சு.

மே 4, ஞாயிறு

பேப்பரில் வந்திருக்கிறது என்று பேச்சி கொண்டுவந்தாள். 'பார்வையாளர் போல் அமர்ந்திருந்து இறுதியில் மேடையேறி நடித்தவர் அனைவரையும் கண்கலங்க வைத்தார்' என்று போட்டிருக்கிறது. பேர் இல்லை. "எக்கா, ஒங்களுக்கு ஆக்டிங் பிரைஸ் குடுப்பாவளா?" என்றாள். கொடுத்தால் மீசைக்குக் கொடுக்கட்டும் என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஜீவாண்ணா போன். சென்னையில் நாடகம் பெரிய அரங்கத்துக்குப் போகிறதாம். அவருக்கும் மேலே பதவி வருகிறதாம். நான் சொன்னதைக் கடைசிக் காட்சியாகவே வைத்துவிட்டாராம். அமலா கூட்டத்திலிருந்து எழுந்து வந்து சொல்வாள். வாத்தியார் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பார். வாத்தியாராக அவரே நடிக்கிறார். தன் தப்பைத் தானே மேடையில் காட்ட எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்களாம்.

"அந்த விரல் வசனம் மட்டும் இன்னொரு தடவ சொல்லு கோவிந்து, பதிவு பண்ணிக்கறேன். உன் தொனி அவளுக்கு வரல."

மேடையில் கேட்கிற மன்னிப்பை என்னிடம் இந்தப் போனில் கேட்கலாம் இல்லையா? கேட்பார் என்று கொஞ்சம் காத்திருந்தேன். "ஹலோ, ஹலோ" என்றார். டவர் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன். கொஞ்ச நேரம் அரிசிக்குள்ளிருந்து ஹலோ ஹலோ என்று கேட்டது.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் ரோடு அகலப்படுத்துவது பற்றித் தெருவுக்கே நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாலு பக்கம். நான் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். இவர் நோட்டீஸோடு வந்து எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்தார்.

"படி."

பேச்சி இருக்கிறாளே என்றேன்.

"அவ ஷிப்டுக்குப் போயிட்டா" என்றார். பேச்சி பத்தடி தள்ளிக் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் அவளைப் பார்த்தோம். அவள் ஒரு போர்வையை விரித்து அதற்குப் பின்னால் போய்விட்டாள்.

படித்தேன். சர்வே நம்பர், மேற்படி, மேற்படி, எல்லாம் படித்தேன். மூன்று இடத்தில், இந்த வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். முதல் பக்கம் முடிந்தபோது நான் திருப்பவில்லை, அவரே திருப்பினார். ஒவ்வொரு பக்கத்துக்கும் அப்படியே. எங்கள் வீடு அதில் இல்லை. முன்பக்க வேலி மட்டும் நாலடி உள்ளே வர வேண்டும். கடைசியில் அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது, அதையும் படித்தேன்.

சோறு அடிப்பிடித்துப் பாத்திரம் கருகிவிட்டது. நான் தினமும் எண்ணூறு பேருக்குச் சோறு போடுகிறவள். மதியம் பேச்சி ரூமில் சாப்பிட்டோம். புளிக்குழம்பு. உப்பு கொஞ்சம் அதிகம்.